ஏழு ஜூலைகள்

கிரெய்க் பிராட்பென்ட் பதினாறு வருடம் தொழில்முறைக் கால்பந்து ஆடி மொத்தம் பதினொரு கோல் போட்டான். அதில் இரண்டு எங்கள் வலைக்குள்ளேயே போட்டது. தடுத்தவை எத்தனை என்று எவனும் எழுதிவைக்கவில்லை. நான்காம் டிவிஷனில், அதுவும் ஆல்டர்ஷா டவுன் மாதிரி ஒரு கிளப்பில், நடுவில் நிற்கும் டிஃபெண்டருக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். பந்து வானத்திலிருந்து வரும். அதைத் தலையால் முட்டி வந்த வழியே அனுப்ப வேண்டும். எதிரணி ஆளின் முழங்கை கூடவே வரும், அதையும் தலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த சனிக்கிழமை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

நான் கீத் சக்டன். அந்தக் கிளப்பில் இருபத்திரண்டு வருடம் பிஸியோவாக இருந்தேன். தசைபிடிப்பை நீவிவிடுவது, கணுக்காலுக்குக் கட்டுப்போடுவது, எவனாவது விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுவது, இவைதான் என் வேலை. நான் டாக்டர் இல்லை. ஆனாலும் கிரெய்க் என்னை "டாக்டரே" என்றுதான் கூப்பிடுவான். எங்கள் உடைமாற்றும் அறையில் யார் பெயரும் உருப்படியாக இருந்ததில்லை. பிராட்பென்ட் பிராடி ஆனான். நான் டாக்டர் ஆனேன். டாக்டர் என்று அவன் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவனை இன்றிருக்கும் நிலைக்குக் கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூசி மெழுகுகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

பதினாறு வயதில் ஒரு பெரிய கிளப் அவனை வெளியே அனுப்பியது. உயரம் இருக்கிறது, வேகம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். அடுத்த ஐந்தாறு வருடம் வாரநாளில் மாமாவோடு கூரை ஓடு வேய்ந்தான், சனிக்கிழமைகளில் சம்பளமில்லாத லீக்கில் ஆடினான். இருபத்திரண்டு வயதில் எங்களிடம் வந்தபோது அவன் கைகள் கொத்தனாருடைய கைகளாக இருந்தன. வேகம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பந்து மேலே எழும்பினால் மற்றவன் எல்லாம் ஒரு கணம் யோசிப்பான், பிராடி யோசிக்க மாட்டான். அந்த ஒரு கணத்தை வைத்துத்தான் நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் ஆடினான்.

மூக்கு ஆறு தடவை உடைந்தது. முதல் மூன்று தடவை மைதானத்திலேயே நான் நிமிர்த்திவிட்டேன், பிறகு வீண்வேலை என்று இருவருமே விட்டுவிட்டோம். புருவம் கிழிந்தால் இடைவேளையில் மரத்துப்போகும் ஊசிகூடப் போடாமல் கிளப் டாக்டர் தைப்பார். ஊசி வேலைசெய்யப் பத்து நிமிடம் வேண்டும், அவ்வளவு நேரம் ஏது? தையல் போடும்போது பிராடி இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியைக் கடித்துக்கொண்டு, "வயித்துக்கு ஒண்ணு, புருவத்துக்கு ஒண்ணு" என்பான்.

எங்கள் மேனேஜர் ரான் ஹிக்லிங்குக்கு வியாழக்கிழமை என்றால் தலைமுட்டுப் பயிற்சி. மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பேர் பந்தை உயர உதைப்பார்கள். மழையில் ஊறிய பந்து. பிராடி தனியாக நின்று அறுபது பந்து முட்ட வேண்டும். முடிந்ததும் என் அறைக்கு வந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்காருவான். "லைட்டை அணைய்யா டாக்டரே" என்பான். நான் அணைப்பேன். இரண்டு மாத்திரை கொடுப்பேன். முழங்கால்வலிக்காரனுக்கு ஐஸ் கொடுப்பது போலத்தான் அதையும் நினைத்தேன். இப்போது நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

2012-இல் அந்தக் கம்ப்யூட்டர் சோதனை எங்களுக்கு வந்தது. ஒவ்வொரு ஜூலையிலும், பருவம் தொடங்குமுன், ஆட்டக்காரன் ஒவ்வொருவனும் திரைமுன் உட்கார வேண்டும். பதினைந்து சொற்களைக் காட்டுவார்கள், இருபது நிமிடம் கழித்து அவற்றைச் சொல்ல வேண்டும். நிறம் மாறினால் பொத்தானை அழுத்த வேண்டும். கிடைக்கும் மதிப்பெண்ணைக் கோப்பில் வைப்போம். பிறகு எப்போதாவது தலையில் அடிபட்டால் மறுபடி அதே சோதனை. ஜூலையைவிடக் குறைந்தால் ஆட முடியாது. பக்கத்து ஊர்க் கிளப்புக்கு இது ஒரு வருடம் முன்பே வந்திருந்தது. அங்கே ஒரு பையன் அடிபட்டு, சோதனையில் தவறி, ஆறு வாரம் வெளியே உட்கார்ந்தான். அவன் இடத்துக்கு வேறொருவன் வந்தான். மே மாதம் ஒப்பந்தம் முடிந்ததும் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கதை எங்கள் அறைக்கும் வந்து சேர்ந்தது. பிராடிக்கு அப்போது முப்பத்தொரு வயது. இரண்டு பெண் குழந்தைகள். ஒவ்வொரு மே மாதமும் அவன் ஒப்பந்தம் முடியும், ஹிக்லிங் மனம் வைத்தால் இன்னொரு வருடம் கிடைக்கும். அவன் பயத்தை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. என் மேசைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

"டாக்டரே, அந்த டப்பா என்னை மக்குன்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

"அடிபட்டப்புறம் மக்கா இருந்தாத்தான் வம்பு" என்றேன். "முன்னாடியே மக்கா இருந்துட்டா ஒரு வம்பும் இல்ல."

விளையாட்டாகத்தான் வாயில் வந்தது. ஆனால் அவன் காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டான். நானும் பேச்சை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கதவைச் சாத்தினேன். அறையில் நாங்கள் இருவர் மட்டும். ஒரேயடியாக மோசமாகச் செய்தால் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அளவாகச் சொதப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பதினைந்து சொல்லில் எட்டு மட்டும் சொல். நிறம் மாறியதும் ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பொத்தானை அழுத்து. மேசைமேல் என் கட்டைவிரலை வைத்து அந்த மூச்சு எவ்வளவு நேரம் என்று அழுத்திக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்து ஏழெட்டுத் தடவை பழகினான்.

ஏன் செய்தேன் என்றால், அவன்மேல் பாசம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாசமும் உண்டுதான். ஆனால் பிராடி இல்லையென்றால் ஹிக்லிங்கின் அணி நிற்காது, ஹிக்லிங் போனால் புது மேனேஜர் தன் பிஸியோவைக் கூட்டிவருவார். அதுவும் எனக்குத் தெரியும்.

ஏழு ஜூலை அவன் அப்படிச் செய்தான். ஏழு தாளின் அடியிலும் "முழு முயற்சியுடன் செய்தார்" என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

2015 பிப்ரவரியில் வெளியூரில் ஒரு ஆட்டம். கார்னரிலிருந்து வந்த பந்துக்கு எழும்பியவன் எதிரணி ஆளின் தலையோடு மோதிக் கட்டைமாதிரி விழுந்தான். நான் ஓடிப் போவதற்குள் கண் திறந்திருந்தது, ஆனால் கண்ணில் ஆள் இல்லை. அவன் வலது கை தன்பாட்டுக்கு வானத்தை நோக்கி விறைத்து நின்றது. அந்தக் கையைப் பிடித்து மடக்கிக் கீழே வைத்தது நான்தான், யாரும் பார்ப்பதற்குமுன். மூளை அடிபட்டதற்கு அது அடையாளம். ஸ்கோர் என்ன என்று கேட்டேன். "நீ சொல்லு, நான் பிஸியா இருந்தேன்" என்றான். அவனை எழுப்பி நிறுத்தியதும் எதிரணி கோலை எங்களுடையது என்று நினைத்து அதைப் பார்த்து நடந்தான், தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். மைதானத்தின் ஓரத்திலிருந்து ஹிக்லிங், "எந்திரிச்சுட்டான்ல, விடுய்யா" என்று கத்தினார். இன்னும் முப்பத்தைந்து நிமிடம் ஆடினான். அதில் ஒன்பது பந்து முட்டினான். அந்த ஒன்பதையும் நான் எண்ணினேன்.

செவ்வாய்க்கிழமை சோதனைக்கு உட்கார்ந்தான். பதினைந்தில் ஒன்பது. ஜூலையைவிட ஒன்று கூட.

"பாத்தியா டாக்டரே, எனக்கு மண்டையில ஒண்ணு போட்டாத்தான் மூளை வேலை செய்யுது."

உடைமாற்றும் அறை முழுக்கச் சிரித்தது. ஒரு மாதம் அதையே சொல்லிச் சிரித்தோம். எவனாவது வழி மறந்தால், பேர் மறந்தால், பிராடியைக் கூப்பிட்டு முட்டச் சொல்வார்கள். அந்தச் சனிக்கிழமையும் அவன் ஆடினான். அந்த மாதிரிப் பதினொரு தடவை நான் பையோடு ஓடியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவன் சோதனையில் தவறியதில்லை.

2019-இல் ஓய்வு பெற்றான். சட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தார்கள். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், வீரன் என்றார்கள். தலையைக் கொடுப்பவனை ஊர் இப்படித்தான் பாராட்டும், வீட்டுக்குப் போனபின் எட்டிப் பார்க்காது. பிராடி மறுபடி கூரைவேலைக்குப் போனான். நான் அதே வருடம் கிளப்பை விட்டு ஊரில் சொந்தமாக ஒரு சிகிச்சை அறை திறந்தேன்.

நாற்பத்தொரு வயதில் அவன் கூரைமேல் ஏறியபின் எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் நின்றான். மாமாதான் கீழே இறக்கினார். நாற்பத்திரண்டில் நோய்க்குப் பெயர் சொன்னார்கள். தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு வரும் மறதி நோய். ஸ்கேனில் மூளை சுருங்கியிருந்தது. எப்போதிருந்து என்று ஸ்கேன் சொல்லாது.

அவன் மனைவி லின்சி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் அவன் வீட்டுக்குப் போனேன். லின்சி கடைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் கிடைக்கும். நான் அவன் கழுத்தையும் தோளையும் பிடித்துவிடுவேன். கிளப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரே ஆள் நான்தான் என்று சொல்லி அவள் எனக்குத் தேநீரோடு கேக் வைப்பாள். அந்தக் கேக்கைத் தின்றேன், அதுவும் மாதக்கணக்கில்.

சனிக்கிழமை காலையானால் பிராடி பூட்ஸ் பையோடு வாசல் கேட்டில் நிற்பான். அணியின் பஸ் வர வேண்டும். மழையானாலும் உள்ளே வர மாட்டான். ஒரு சனிக்கிழமை லின்சி கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தன்னை மறிக்கவந்த எதிரணி ஆள் என்று நினைத்தானோ என்னவோ, முழங்கையால் ஒரே தள்ளு. அவளுக்கு விலாவில் இரண்டு எலும்பு முறிந்தது. சின்ன மகளைச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பெரியவள் கல்லூரி விடுதியிலிருந்து வருவதை நிறுத்திவிட்டாள்.

இனி வீட்டில் வைத்திருக்க முடியாது என்று ஆகிவிட்டது. நகராட்சி கொடுக்கும் இடம் கிழவிகள் நிறைந்த ஒரு விடுதி. ஆறடி மூன்றங்குல ஆளை அங்கே மருந்து கொடுத்துத் தூங்கவைப்பார்கள், வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. கடலோரத்தில் வேறொரு இல்லம் இருந்தது. இந்த வயதிலேயே இந்த நோய் வந்தவர்களுக்கு மட்டும். லின்சி அவனைக் கூட்டிப்போய்க் காட்டினாள். பின்பக்கம் புல்தரை. அங்கே ஒரு தாதி அவனோடு பந்தைக் காலால் தட்டி விளையாடினாள். அவன் ஒரு மணி நேரம் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவேயில்லையாம். அதற்குச் செலவு கொடுக்க முன்னாள் ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு நல நிதி இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஆடிய காலத்தில் இருந்ததைவிட இப்போது மூளை கெட்டிருக்கிறது என்று காட்ட வேண்டும்.

லின்சி விண்ணப்பித்தாள். எனக்கு அந்த ஏழு தாளும் அப்போதே ஞாபகம் வந்தன. கிளப்பில் பழைய கோப்பைத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டேன். எங்கள் கிளப் எதையுமே ஒழுங்காக வைத்திருந்ததில்லை. இதை மட்டும் வைத்திருந்தது.

பதில் ஒரு வியாழக்கிழமை வந்தது. சமையலறையில் எனக்குப் படித்துக் காட்டினாள். பிராடி பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு வருஷ ரிப்போர்ட்டையும் இப்ப எடுத்ததையும் ஒப்பிட்டுப் பாத்தாங்களாம். பெரிய வித்தியாசம் இல்லையாம்." காகிதத்தைக் கீழே வைத்தாள். "இவரு எப்பவுமே இப்படித்தான் இருந்தாராம் கீத். நான் பதினெட்டு வருஷமா யாரோட இருந்தேன்?"

அவன் இப்போது பல்லைக் கடித்து, உயிரைக் கொடுத்துச் செய்த சோதனையில் வாங்கியது ஏழு. அன்றைக்கு நாக்கைத் துருத்திக்கொண்டு, எனக்குக் கண்ணடித்துக்கொண்டு வாங்கியது எட்டு. தாளைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து, அழகாக, குண்டு குண்டாக. மேல்முறையீட்டுக்கு இருபத்தெட்டு நாள் அவகாசம் இருந்தது.

அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் சும்மா இருந்தேன். சொன்னால் என் உரிமம் போகும், சிகிச்சை அறையை மூட வேண்டியதுதான். ஊரில் தலைகாட்ட முடியாது. இதையெல்லாம்விட லின்சியின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பத்தாம் நாள் போனேன். வியாழக்கிழமை இல்லை என்பதாலேயே அவள் ஆச்சரியப்பட்டுக் கதவைத் திறந்தாள். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் கத்தவில்லை. எத்தனை வருடம் என்று கேட்டாள். ஏழு என்றேன். எத்தனை தடவை அடிபட்டு மறுபடி ஆடினான் என்று கேட்டாள். நான் பார்த்தது பதினொன்று என்றேன். தட்டில் இருந்த கேக்கை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"இதை அங்க வந்து சொல்லு. அவங்க முன்னாடி சொல்லு. அப்புறம் என் வீட்டுப் பக்கம் வராத."

விசாரணை மான்செஸ்டரில் ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் நடந்தது. நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் திருமதி வெதரால், ஒரு பக்கம் நரம்பு டாக்டர், இன்னொரு பக்கம் குறிப்பெடுக்கும் ஒருவர். யாருக்காக விண்ணப்பமோ அவரும் வர வேண்டும் என்பது விதி. லின்சி பிராடிக்குச் சவரம் செய்து, கிளப்பின் பழைய கோட்டையும் டையையும் மாட்டி அழைத்துவந்திருந்தாள். கோட்டு தோளில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. என் பெயர் வரவில்லை, ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

நான் ஒன்று விடாமல் சொன்னேன். எட்டு சொல், ஒரு மூச்சு, மூடிய கதவு, பிப்ரவரியில் விறைத்த கை, எல்லாம். நரம்பு டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனித்தார். திருமதி வெதரால் கெட்ட பெண்மணி இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார்.

"மிஸ்டர் சக்டன், முழு முயற்சியோட செஞ்சாருன்னு ஏழு தடவை கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"அப்ப சொன்னதுதான்."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் அந்தக் குடும்பத்தோடு நெருங்கிப் பழகுகிறவன் என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். எழுத்தில் ஏதாவது உண்டா என்றார். எழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வேன்? வேறு சாட்சி உண்டா என்றார். ஹிக்லிங் செத்து நான்கு வருடம் ஆகிறது, அவருக்கும் இது தெரியாது. கதவைச் சாத்தியபோது அறையில் இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

நரம்பு டாக்டர் தலைவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். இந்த நோயில் நேற்று நடந்தது போய்விடும், பழையது சில சமயம் தங்கும், அவரையே கேட்டுப் பார்க்கலாம் என்பதுதான் அது. லின்சி பிராடியின் முழங்கையைத் தொட்டாள். பழைய ஆட்டங்களை எல்லாம் அவன் சில வியாழக்கிழமைகளில் நிமிடம் தவறாமல் சொல்லியிருக்கிறான். இதையும் சொல்லிவிடுவான் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

"மிஸ்டர் பிராட்பென்ட்" என்றார் திருமதி வெதரால், கனிவாக. "ஜூலையில ஒரு கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுப்பீங்களே, ஞாபகம் இருக்கா? அதை வேணும்னே தப்பா செய்யச் சொல்லி இவரு உங்ககிட்ட சொன்னாரா?"

பிராடி எழுந்து நின்றான். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டான், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சிவப்பு அட்டை வாங்கிய ஒவ்வொரு தடவையும் அவனை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன்னால் நான்தான் கூட்டிப்போனேன். இப்படி ஒரு மேசைதான் இருக்கும், பின்னால் இப்படி மூன்று பேர்தான் இருப்பார்கள். அங்கே எப்படி நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று எங்கள் அறையில் நேற்று வந்தவனுக்கும் தெரியும். மேடம் என்று சொல். தப்பை நீயே ஏற்றுக்கொள். நம்ம ஆளை எவனிடமும் காட்டிக்கொடுக்காதே.

"இல்லைங்க மேடம்" என்றான். குரல் கேப்டனாக இருந்த காலத்துக் குரல். "இவரு ஒண்ணுமே சொல்லல. ரொம்ப நேர்மையான ஆளு. டெஸ்டுல என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேன். நான் கொஞ்சம் மந்தம் மேடம். ஸ்கூல்லயே அப்படித்தான்."

"பிராடி," என்றேன், "சொல்லுடா. பரவால்ல. சொல்லிடு."

தலைவர் கையைக் காட்டி என்னை அடக்கினார். சாட்சியைத் தூண்டக் கூடாது என்றார். பிராடி என் பக்கம் திரும்பவேயில்லை. மேசைக்குமேல் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றான். குறிப்பெடுப்பவர் அவன் சொன்னதை எழுதிக்கொண்டார். லின்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் சொன்னதை என் தொழில் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்றார் திருமதி வெதரால். தெரிவியுங்கள் என்றேன். நான் சொன்னது என் உரிமத்தைப் பறிக்கப் போதுமான சாட்சி. அவனுக்கு அந்தக் கடலோர இல்லத்தில் ஒரு படுக்கை வாங்கித்தரத்தான் போதாது. முடிவு எழுத்தில் வரும் என்றார்கள். அது என்னவாக இருக்கும் என்பது அவர்கள் காகிதங்களை அடுக்கிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது.

கார் நிறுத்துமிடத்தில் லின்சி அவனை முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டாள். என்னை அவள் பார்க்கவில்லை, நானும் கிட்டே போகவில்லை. அவள் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனபோது பிராடி ஜன்னலை இறக்கி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். குனிந்தேன். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"எட்டு சொல்லு, ஒரு மூச்சு. நான் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லல டாக்டரே. நீ பயப்படாத."

உள்ளே ஓடிப்போய் இதைச் சொல்லலாமா என்று ஹோட்டல் கதவைத் திரும்பிப் பார்த்தேன். போய்ச் சொல்லப்போவதும் நான்தானே. லின்சி காரைக் கிளப்பினாள். அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், அவன் பக்கத்து ஜன்னலை ஏற்றி மூடினாள். பிராடி எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, சனிக்கிழமை யாரோடு ஆட்டம் என்று அவளிடம் கேட்டான்.